எழுத்துரு எவருடைய உடைமை?

உருவமா உள்ளடக்கமா என்னும் வாதத்தை நம் இலக்கிய உலகம் பல்லாண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. கவிதையின் உருவம், சிறுகதையின் உருவம், நாவலின் உருவம் ஆகியவை பற்றி ஏடு ஏடாக எழுதிய விமரிசகர்கள், அவை அனைத்தையும் தாங்கி நிற்கும் எழுத்தின் உருவத்தைப் பற்றி எழுதியது மிகச் சொற்பம். அது அச்சுக்கோப்பவரின் வேலை என்று ஒதுக்கிவிட்டனர் போலும். இன்றோ ஈய எழுத்தும் மறைந்தது, அச்சுக்கோப்பவரும் மறைந்தார். வினாத்தாளாயினும், தொழிற்சங்கத்தின் துண்டுப்பிரசுரமாயினும், பாடசாலையின் ஆண்டு மலராயினும் எழுதுபவரே அதைக் கணினியில் கோத்துவிடுகிறார். எந்த எழுத்துருவில் கோப்பது, அது எவருக்குச் சொந்தம், கோத்தது பத்தாண்டுகளின் பின்னும் படிக்கத்தக்கதாக இருக்குமா என்னும் கேள்விகள் இப்போது ஆசிரியர் முன்னும் மாணவர் முன்னும் வந்து நிற்கின்றன.

லினக்ஸ் முதலான திறந்த மூல இயங்குதளங்களில் வழங்கும் தமிழ் எழுத்துருக்களை இக்கேள்விகளைக் கொண்டு மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். காலமும் இதற்கு உந்துதல் தருகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. வசதியுள்ள நகரப் பாடசாலைக்கு இது ஒரு செலவுக் கணக்கு. எங்கோ உழைத்து ஓய்ந்த கணினிகளை நன்கொடையாகப் பெற்று ஓர் அறையில் வைத்திருக்கும் பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கோ, அந்த அறையைப் பூட்டிவிடுவதா என்னும் கேள்வி. அக்கணினிகளில் லினக்ஸ் ஓடும், காசு கேளாது, களவுப் பிரதியும் தேவையில்லை. ஆயினும் ஆசிரியர்கள் கூடும் இடத்தில் இதை எடுத்துச் சொன்னால் உடனே எழும் மறுப்பு ஒன்றுண்டு: "அதுல பாமினி வேலை செய்யாதே, சேர்!"

இம்மறுப்பை ஏளனம் செய்து தள்ளுவது நியாயமன்று. இலங்கைத் தமிழரின் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் ஒரு தலைமுறையின் கையெழுத்தாகவே ஆகிவிட்ட எழுத்துரு பாமினி. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், ஆங்கிலத்துக்கென ஆக்கப்பட்ட கணினியில் தமிழை நுழைப்பதற்கு ஒரு தந்திரம் கையாளப்பட்டது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவதே அத்தந்திரம். பாமினியில் 'தமிழ்' என்று எழுதுகிறோம். கண்ணுக்குத் தமிழ்தான் தெரிகிறது. கணினியோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையும் பதிந்து வைத்திருக்கிறது. 'பதுளை' என்று எழுதினால் பதிவது ஜி, பெரிய ஜே, ஐ, எஸ். இதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள். ஐகாரக் குறி கண்ணுக்கு ளகரத்தின் முன்னே நிற்பதால், பதிவிலும் அது முன்னே நிற்கிறது. வாய் ஒலிக்கும் வரிசை வேறு, கணினி எழுதி வைத்த வரிசை வேறு. பாமினிக் கோப்பு அக்கணினியில் உள்ளவரை இந்த மாயம் நீடிக்கும். அக்கோப்பு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் மிஞ்சும். உருவம் இங்கே உள்ளடக்கத்தை விழுங்கிவிட்டது.

இதன் விளைவு சிறிதன்று. 1940ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வேவஸ்ஸ தோட்டத்தில் எழுந்த வேலைநிறுத்தம் மலையகத் தொழிலாளர் வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதைப் பற்றி எவரேனும் எழுதியிருக்கிறார்களா என்று ஒரு மாணவி தேடுகிறாள் எனக் கொள்வோம். எழுதியவர்கள் பலர் இருக்கலாம். அவர்களின் கோப்புகளும் பத்திரமாக இருக்கலாம். பாமினியில் எழுதப்பட்டிருந்தால் 'வேவஸ்ஸ' என்ற சொல் அவற்றில் ஓரிடத்திலும் இல்லை. தேடுபொறிக்கு அவை தமிழே அல்ல. 1920களிலும் 30களிலும் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையாரும் தோட்டத் தொழிலாளருக்காக அச்சிட்டவற்றில் ஒரு பிரதி கைக்குக் கிட்டினால், எழுத்தறிந்த எவரும் இன்றும் படிக்கலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கணினியில் எழுதப்பட்ட ஒரு சுற்றறிக்கையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து அச்சுப் பிரதிகளைப் படம்பிடித்துக் காத்துவரும் அரும்பணியை நாம் அறிவோம். பழைய தாளுக்கு அது தகும். கணினியிலேயே பிறந்த எழுத்தையும் தாளில் அச்சிட்டு, அத்தாளைப் படம்பிடித்துத்தான் காக்க வேண்டுமென்றால் கணினி எதற்கு?

பாமினி லினக்ஸில் வேலை செய்யாது என்பது உண்மையும் அன்று. எழுத்துரு என்பது ஒரு கோப்பு. பயனாளரின் இல்லக் கோப்புறைக்குள் எழுத்துருக்களுக்கென ஓரிடம் உண்டு. அங்கே எந்த எழுத்துருவைப் போட்டாலும் ஃபொன்ட்கொன்ஃபிக் என்னும் ஏற்பாடு அதைக் கண்டெடுத்து எல்லாச் செயலிகளுக்கும் வழங்கும். தமிழ் எழுதவல்ல எழுத்துருக்கள் எவை என்று ஒரு வரிக் கட்டளையில் கேட்டால் பட்டியலிட்டுக் காட்டும். பாமினியையும் அங்கே போட்டால் பழைய கோப்புகள் லிப்ரே ஒஃபிஸில் முன்போலவே தோன்றும். பழையவற்றைப் படிப்பதற்கு இது போதும். புதிதாக எழுதுவதற்கும் பாமினியையே நாடுபவருடைய உண்மையான பற்று எழுத்துருவின் மீதன்று, விரல் பழகிய விசை வரிசையின் மீது. இரங்கநாதன் விசைப்பலகை என வழங்கும் அவ்வரிசையை லினக்ஸ் ஒருங்குறிக்கும் தருகிறது. விரல் பழகிய இடத்தையே தட்டுகிறது. உள்ளே பதிவது கலப்பற்ற தமிழ். 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கைத் தரமும் ஒருங்குறி வழியையே ஏற்றிருக்கிறது. ஆகவே மறுப்புக்கு விடை உண்டு. விடையைப் பாடசாலை வாசல்வரை கொண்டுசென்றவர்கள்தாம் குறைவு.

ஒருங்குறியில் 'ளை' எவ்வாறு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ளகரம், அடுத்து ஐகாரக் குறி. ஒலிக்கும் வரிசையே பதிவின் வரிசை. அதைக் கண்ணுக்குரிய வரிசையாக மாற்றிக் குறியை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூல எந்திரத்தின் வேலை. அதே எந்திரம் ஃபயர்பொக்ஸிலும் அண்ட்ரொயிட் கைப்பேசியிலும் உழைக்கிறது. தன் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி படிக்கும் கொழுந்துக்காரப் பெண், தான் அறியாமலே இந்தப் பொது உழைப்பின் பயனைத் துய்க்கிறாள். லினக்ஸில் தமிழ் ஒட்டுப்போட்டது என்ற எண்ணம் இருபதாண்டுக்கு முந்தைய அனுபவத்தின் மிச்சம்.

இனி எழுத்துருக்களை நோக்குவோம். எனக்குரிய உரைகல் ஊவாவின் ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது: பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, லுணுகலை, மொனராகலை. மலை, தேயிலை, வேலை, விலை என நம் மக்களின் வாழ்வைச் சொல்லும் சொற்களும் அவ்வாறே முடிகின்றன. 'லை', 'ளை' ஆகியவை 1978இல் தமிழ்நாட்டு அரசு மாற்றியமைத்த பதின்மூன்று எழுத்துக்களைச் சேர்ந்தவை. பெரியார் 1930களிலேயே தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்தம் அது. பின்னர் இலங்கை அச்சிலும் நிலைபெற்றது. அதற்கு முன், லகர ளகரங்களின் தலையில் யானைத் துதிக்கை வளைந்து படிந்தாற்போன்ற ஒற்றை உருவம் வழங்கியது. துதிக்கை நீங்கியதும் கற்பவர்க்குச் சுமை குறைந்தது. எழுத்து அகன்றது. இரட்டைச் சுழியுள்ள ஐகாரக் குறியும் அடுத்து நிற்கும் மெய்யும் கனத்தில் ஒத்துப்போகாவிட்டால், 'பண்டாரவளை' என்ற ஒரு சொல்லே வரியில் இரண்டு சொல்லாகப் பிளந்து தெரியும். எழுத்துரு வரைந்தவர் தமிழைப் படித்து வரைந்தாரா, படத்தைப் பார்த்து வரைந்தாரா என்பதை இவ்விடத்தில் கண்டுகொள்ளலாம்.

லோகித் தமிழ் ரெட் ஹட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது. நெடுங்காலம் லினக்ஸ் தமிழின் முகமாக இருந்தது. அதன் 'ளை' ஒழுங்கானது. ஆயினும் கோடு மெல்லியது, எழுத்திடை தளர்ந்தது. பெரிய குறை வேறு. அது ஒரே தடிமனில் மட்டுமே வரையப்பட்டிருக்கிறது. தலைப்பைத் தடித்த எழுத்தில் கேட்டால், இயங்குதளம் உள்ள கோட்டையே செயற்கையாகப் பருக்கச் செய்கிறது. 'ணை' போன்ற எழுத்துக்களின் சுழிகள் மையால் அடைபடுகின்றன. அதைப் பிரதியெடுத்து, அப்பிரதியை மீண்டும் பிரதியெடுத்து வகுப்புக்குக் கொடுக்கும்போது, கடைசி வாங்கு மாணவனுக்குக் கிடைப்பது ஒரு கறுப்புப் பொட்டு. தமிழுக்கு மரபிலே இல்லாத சாய்வெழுத்தையும் இவ்வாறே பொய்யாகச் சரித்துத் தருகிறார்கள். ஆங்கிலத்தின் பழக்கம் தமிழின் முதுகில் ஏற்றப்படுகிறது.

லோகித்துக்குத் துணையாக லோகித் தமிழ் கிளாசிகல் என்ற ஒன்று உண்டு. அதைத் தெரிந்தெடுத்தால் அதே கோப்பு, அதே பதிவு, பழைய துதிக்கை உருவத்துடன் தோன்றுகிறது. 1950களின் மலையக ஏடு ஒன்றை அன்றைய முகத்தோடு மறுபதிப்புச் செய்ய விரும்புபவர் இதை மதிப்பார். எழுத்தின் பதிவைத் தொடாமலே உருவத்தை மாற்றலாம் என்பதற்கு, வகுப்பில் காட்டுவதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கூகிளின் பணத்தில் உருவான நோட்டோ குடும்பத்தில் சமவெழுத்து, முனையெழுத்து என இரண்டு தமிழ் உருவங்கள் உள்ளன; மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை உண்மையாகவே வரையப்பட்ட தடிமன்கள் உள்ளன. படிக்கத் தெளிவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நோட்டோ சான்ஸ் பரந்து உட்காரும் இயல்புடையது. இறுக்கமாகக் கோத்தால் இரண்டு பக்கத்தில் அடங்கும் வினாத்தாள் மூன்றாம் பக்கத்தை எட்டிப் பார்க்கிறது. இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாட்டில் அது அற்பமன்று. பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகளிடம் பிரதிக் காசு திரட்டும் பாடசாலையிலும் அற்பமன்று. எக் டைப் குழுவினரின் முக்தா மலர் இவ்வகையில் சிக்கனமானது. சிறிய அளவிலும் சுழிகள் திறந்தே நிற்கின்றன. வினாத்தாளுக்கு நான் பரிந்துரைப்பது அதுவே. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் ஒன்பது தடிமன்களில் கிடைக்கும் நவீன வடிவம். சுவரொட்டித் தலைப்புக்கு எடுப்பானது. நீண்ட கதையை அதில் படித்தால் எழுத்துக்கள் ஒன்றைப்போல் ஒன்று தோன்றிக் கண் களைக்கிறது. கேரளத்துச் சுதந்திர மலையாளம் கணினிக் குழுவினர் தமிழுக்கு ஆக்கித் தந்த மீரா இனிமை கருமையும் வளைவும் நிறைந்தது. நூலின் உடற்பகுதிக்கு இசைவது. அதுவும் ஒரே தடிமன் என்பது வருத்தம். இலங்கையரான தாரிக் அஸீஸின் பவனம், கவிவாணர் இரண்டும் நம் நாட்டுக் கையிலிருந்து உலகப் பொதுவுக்குச் சென்றவை. கவிவாணரின் சாய்வு பொய்ச் சாய்வன்று. கையெழுத்தின் இயல்பான சாய்வு. கவிதைத் தலைப்புக்குத் தகும்.

பெருநிறுவனங்களின் காசில் செய்யப்பட்டவற்றை முற்போக்காளர் எவ்வாறு ஏற்பது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி சரியானதே. ரெட் ஹட்டும் கூகிளும் தமிழின் மீது காதல் கொண்டு இவற்றைச் செய்யவில்லை; தமிழ் பேசுவோரும் அவற்றின் சந்தை. ஆயினும் பொருளை ஆக்கச் செலவிட்டவர் யார் என்பதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. ஆன பொருள் எவர் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டு வடிவிலான திறந்த எழுத்துரு உரிமத்தின்படி, இவற்றை எவரும் பயன்படுத்தலாம், பகிரலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. திருத்திய வடிவமும் அதே உரிமத்தின் கீழேதான் வெளிவர வேண்டும். கொடுத்தவரே மனம் மாறினாலும் கொடுத்த பதிப்பைத் திரும்பப் பெற இயலாது. விண்டோஸுடன் வரும் லதா எழுத்துருவை அவ்வாறு பிள்ளையின் கையில் கொடுத்தனுப்ப முடியுமா? அது இயங்குதளத்தோடு இரவல் வந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் குடியிருக்கும் லயத்துக்கு உறுதிப்பத்திரம் காணாத மக்களுக்கு, இரவலுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பதுளையைப் பொறுத்தமட்டில் மற்றொன்றும் உண்டு. 1999இல் இம்மாவட்டத்தின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பிரதேசச் செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்குரியனவாகப் பிரகடனம் செய்யப்பட்டன. படிவமாயினும் பிரசுரமாயினும், சிங்களமும் தமிழும் ஒரே தாளில் அருகருகே நிற்க வேண்டிய பூமி இது. பழைய முறையில் தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்.எம். அபய. இரண்டும் அதே ஆங்கில இடங்களைத் தத்தமக்கென ஆக்கிரமித்தவை. எழுத்துரு தவறி மாறினால் தமிழ் வாக்கியம் பொருளற்ற சிங்கள எழுத்துக் கோவையாகும். சிங்கள வாக்கியத்துக்கும் அதே கதி. இருமொழித் தொழிலாளரையும் ஒரு கோரிக்கையின் கீழ் அழைக்கும் பிரசுரத்துக்கு இதைவிடப் பொல்லாத விபத்து வேண்டுமா? ஒருங்குறியில் இரண்டு மொழிக்கும் தனித்தனி இடம் உண்டு, ஒன்றையொன்று மிதிப்பதில்லை. சிங்கள நண்பர்கள் இதில் நமக்கு ஒரு படி முன்னே சென்றிருக்கிறார்கள். புஷ்பானந்த ஏக்கநாயக்க வரைந்து, சிங்கள அச்சுலகம் முழுதும் பழகிப்போன எஃப்.எம். அபயவை, மூனியக் என்னும் கொழும்புக் குழுவினர் ஒருங்குறிக்குரியதாகப் புதுக்கி, அபய லிப்ரே என்ற பெயரில் திறந்த உரிமத்தில் வெளியிட்டனர். மக்கள் கண் பழகிய உருவத்தைப் பறிக்காமலே அடிப்படையை மாற்றிய செயல் அது. பாமினியின் வடிவம் அழகில் உயர்ந்ததென்று நான் சொல்லேன். ஆனால் பழக்கத்தின் வலிமையை அலட்சியம் செய்த சீர்திருத்தம் வென்றதில்லை. அபய லிப்ரேயில் தமிழ் எழுத்து இல்லை. இருமொழித் தாளுக்கு அருகே வைக்கத் தக்க தமிழ் உருவத்தை அளவும் கருமையும் பார்த்து நாமே தேர வேண்டும். இரண்டு மொழிக்கும் நோட்டோவையே கொள்வது இப்போதைக்குப் பாதுகாப்பான வழி. தமிழ் ஒரு சுற்றுச் சிறுத்து, சிங்களத்தின் அடியில் ஒதுங்கி நிற்கும் அறிவித்தல்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு அது இயல்பென்றே ஆகிவிட்டது.

கேரளத்தின் அனுபவம் எடுத்துக்காட்டத் தக்கது. தட்டச்சு இயந்திரத்தின் வசதிக்காக 1971இல் மலையாள எழுத்துக்களை அரசு குறைத்தது. இயந்திரம் வளர்ந்த பின்னும் எழுத்து ஏன் குறைந்தே இருக்க வேண்டும் என்று கேட்டு 1999இல் ரசனா இயக்கம் எழுந்தது. முழு எழுத்துக்களையும் கொண்ட எழுத்துருவை ஆக்கி மக்களுக்கு விட்டது. மறுபுறம் பாடசாலைக் கணினிக் கல்வியை அரசு படிப்படியாகக் குனு/லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. எழுத்துரு ஆக்குவோர், ஆசிரியர், அரசு ஆகிய மூவரும் ஏதோ ஓரளவில் ஒரு திசையில் இழுத்தனர். நம்மிடம் எழுத்துருவும் உண்டு, தரமும் உண்டு. இழுப்பவர் தனித்தனியே இழுக்கிறோம். நம் கணினி ஆர்வலரின் கூட்டங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன என்பதைச் சற்று மனக்கசப்புடனேயே குறிப்பிடுகிறேன்.

பழைய கோப்புகளை மாற்றும் வேலை உயர்தர வகுப்பு மாணவர்களால் செய்யக்கூடியதே. ஓப்பன் தமிழ் என்னும் திறந்த மூலத் தொகுப்பு பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தருகிறது. முன்னே நிற்கும் கொம்பையும் ஐகாரக் குறியையும் மெய்யின் பின்னே கொண்டுபோய் வைப்பதே அதன் முதன்மையான வேலை. கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும். ஆதலின் அவற்றை முதலில் குறித்து விலக்கிவிட வேண்டும். மற்றொரு சிக்கல் ஔகாரத்தில் உண்டு. பாமினியில் அதைக் கொம்பும் ளகரமும் கொண்டே எழுதி வந்தோம். எனவே கொம்பை அடுத்து வரும் ளகரத்தையும் 'கௌரவ'த்தின் ஔகாரக் குறியையும் மாற்றி பிரித்தறிய மாட்டாது. கௌரவம், மௌனம், பௌத்தம், சௌக்கியம் போன்ற சொற்களை ஒரு தாளில் எழுதி மாணவரிடம் கொடுத்து, ஆண்டு மலர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தச் செய்யலாம். ஒரு மலருக்கு இரண்டு பேர், ஒரு தவணை போதும்.